பெயர் கேட்காத மரம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருந்தது. மெல்பர்னில் அந்த வீட்டை வாங்கியபோதே வேலியோரமாக நின்றிருந்தது. கூரையைத் தாண்டிய உயரம். இலை என்று சொல்ல முடியாமல் இழை இழையாகத் தொங்கும். கும்பகோணத்திலிருந்து அம்மா முதன்முறை வந்திருந்தபோது, காப்பி டம்ளரோடு கொல்லைக் கதவைத் திறந்து நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இது என்ன மரம்?" என்று கேட்டாள்.

"ஏதோ இந்த ஊர் மரம்மா" என்றேன்.

"ஆறு வருஷமா உன் வீட்டுல நிக்குது. தெரியாதா?"

அவ்வளவுதான் கேட்டாள். எங்கள் தெருமுனையிலிருந்து காவிரிப் படித்துறைவரை உள்ள எல்லா மரங்களையும் பெயரோடு அறிந்தவள் அவள். யார் நட்டது, எந்தப் புயலில் எந்தக் கிளை போனது என்பதும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் கழித்து, கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டு மேலே கூரை போடலாம், பிறந்தநாளுக்கு நாலு பேர் வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்று முடிவெடுத்து, அந்த மரத்தை எடுத்தோம். எல்லாம் முறைப்படிதான். அனுமதிக்கு விண்ணப்பம் போட்டோம். அதில் மரத்தின் பெயரை எழுத ஓர் இடம் இருந்தது. மரம் வெட்ட வந்தவரே நிரப்பிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தார் என்று படித்ததாக ஞாபகம் இல்லை.

இது எனக்கு ஒரு குற்றமாகவே தோன்றாமல் பல வருடம் போயிருக்கிறது. தோன்றவைத்தவர், 1901இல் இறந்துபோன ஓர் ஓவியர்.

யூஜின் வான் கெரார்ட் 1811இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா ஆஸ்திரிய அரசவையில் சிற்றுருவப் படங்கள் தீட்டியவர். பதின்ம வயதிலேயே அப்பாவோடு இத்தாலிக்குப் போனார் மகன். ரோமில் கொஞ்ச காலம், பிறகு நேப்பிள்ஸ். 1836இல் அங்கே பரவிய காலரா அப்பாவைக் கொண்டுபோனது. மகன் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக்கு வந்து, அங்கிருந்த கலைக்கழகத்தில் நிலக்காட்சி ஓவியம் பயின்றார். கண்ணுக்கு முன் இருப்பதை இருக்கிறபடி பார்க்க வேண்டும், பாறை என்றால் எந்தப் பாறை, மரம் என்றால் எந்த மரம் என்று தெரிய வேண்டும் என்று நினைத்த காலம் அது. அறிவியலாளர் ஹம்போல்ட்டின் எழுத்துகள் ஓவியர்கள் கையிலும் இருந்தன. அந்தப் பயிற்சியோடு, 41 வயதில், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

எதற்கு? தங்கம் தோண்ட.

இந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. 1852 டிசம்பரில் ஜீலாங் துறைமுகத்தில் இறங்கி, பாலரட் தங்க வயல்களுக்குப் போய், ஓராண்டுக்கும் மேலாகக் குழி தோண்டியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நாட்குறிப்பும் கோட்டோவியங்களும்தான் மிச்சம். 1854இல் மெல்பர்னுக்கு வந்து, டுசல்டார்ஃபிலிருந்து வந்துசேர்ந்த லூயிஸ் ஆர்ன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, தெரிந்த தொழிலுக்கே திரும்பினார். நாமும் இப்படித்தானே வந்தோம். வந்த காரணம் ஒன்று, வாழ்ந்த வாழ்க்கை வேறொன்று. நாம் என்று நான் சொல்வது, கடந்த முப்பது நாற்பது வருடங்களில் இந்த ஊருக்கு வந்து வீடு கட்டி, பிள்ளை வளர்த்து, குடியுரிமை வாங்கிய தமிழர்களை. போர் துரத்தி வந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் கதை வேறு, அவர்களிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் கிடையாது. விசா வாங்கி, விமானச் சீட்டு வாங்கி, வசதி தேடி வந்த என்னைப் போன்றவர்களைத்தான் முதலில் சொல்கிறேன். பணம் தேடி வந்ததில் பிழையில்லை, அவரும் அப்படித்தான் வந்தார். ஆனால் வந்த இடத்தை அவர் பார்த்தார், நாம் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றால் சுற்றவில்லை என்று அர்த்தமில்லை. நம்மைப் போலச் சுற்றியவர்கள் யார்? ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கிரேட் ஓஷன் ரோடு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி, மிளகாய்ப்பொடி, தயிர்சாதம் கட்டி, இரண்டு காரில் கிளம்பி, பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளின் முன்னால் நின்று படம் எடுத்து, நேரமிருந்தால் வார்னம்பூலில் திமிங்கிலம் தெரிகிறதா என்று பார்த்து, இருட்டுக்கு முன்னால் வீடு. வார்னம்பூலைத் தாண்டிக் கால்மணி நேரம்கூட ஆகாது, நெடுஞ்சாலையை ஒட்டியே டவர் ஹில் இருக்கிறது. மேலும் மேற்கே போர்ட் ஃபேரி போன நாட்களில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து நான் குறைந்தது ஐந்து முறை போயிருக்கிறேன். ஒருமுறை பின்சீட்டிலிருந்து யாரோ, "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்ல, ஏதோ குன்று" என்று நானே பதில் சொன்னதும் நினைவிருக்கிறது.

அது குன்று அல்ல, எரிமலை வாய். 30,000 ஆண்டுகளுக்கும் முன்னால் வெடித்து, பிறகு அடங்கி, குழியில் நீர் தேங்கி ஏரியானது. ஏரிக்கு நடுவே தீவுகளைப்போலக் கூம்புக் குன்றுகள். அது வெடித்தபோது பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் உண்டு. பக்கத்து ஊரில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து ஒரு கற்கோடரி கிடைத்திருக்கிறது. 'கல்தோன்றி மண்தோன்றா' என்று மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கும் நாம், அதற்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தாமல் போயிருக்கிறோம்.

வான் கெரார்ட் 1855இல் அங்கே போனார். அந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த ஜேம்ஸ் டாசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், டவர் ஹில்லை வரைந்து தரச்சொல்லிக் கேட்டிருந்தார். டாசனின் காங்கடாங் பண்ணையில் தங்கியிருந்தபோது நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஜானி என்ற பழங்குடி இளைஞனை வான் கெரார்ட் வரைந்தார். ஜானியும் பென்சிலை வாங்கி, தன்னை வரைந்த ஓவியரைத் திருப்பி வரைந்தான். அந்தத் தாள்கள் பாதுகாக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன. வந்தவன் இருந்தவனைப் பார்த்தான், இருந்தவன் வந்தவனைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து வரைகிற அளவுக்கு நெருக்கத்தில், இந்த மண்ணின் மூத்த குடியைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. எங்கள் பொங்கல் விழாவில் ஒரு தடவை, இந்த நிலத்தின் பாரம்பரியக் காவலர்களான வுருண்ட்ஜெரி மக்களுக்கு வணக்கம் என்று துண்டுச்சீட்டைப் பார்த்து வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பெயரில் நாக்கு இடறியது. கூட்டத்தில் லேசான சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தேன். நம் பெயர்களை இந்த ஊர்க்காரர்கள் கடித்துத் துப்புகிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்களும் நாம்தான்.

படத்துக்கு வருகிறேன். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், எண்ணெய் வண்ணம். எரிமலை வாயின் விளிம்பில் நின்று பார்ப்பது போன்ற காட்சி. நடுவே ஏரி, தீவுகள், எதிர்ச்சரிவு, அதற்கப்பால் அடிவானம். நேரில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் புல் என்று பொதுவாக எதுவும் இல்லை. இந்தப் புல் இது, அந்தப் புதர் அது, சரிவில் நிற்பது இந்த மரம் என்று தனித்தனியாக அடையாளம் காணலாம்போல் இருந்தது. அந்தக் காலத்திலேயே இது கேலிக்குள்ளானது. இவர் படத்தில் நுணுக்கம் அதிகம், கவித்துவம் குறைவு என்பதுபோல ஜேம்ஸ் ஸ்மித் என்ற செல்வாக்குள்ள விமர்சகர் எழுதினார். 1870இல் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் ஓவியப் பள்ளிக்கு வான் கெரார்ட் முதல் ஆசிரியரானபோது, படங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கச்சொல்கிற பழங்கால வாத்தியார் என்று மாணவர்களுக்குச் சலிப்பு. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த டாம் ராபர்ட்ஸும் ஃபிரடெரிக் மெக்கபினும்தான் பின்னாளில் வெட்டவெளியில் வெயிலைத் தீட்டி நாட்டின் செல்ல ஓவியர்கள் ஆனார்கள். வாத்தியார் பின்னுக்குப் போய்விட்டார். இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், ராபர்ட்ஸின் வெயில் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வெயிலை வைத்துக்கொண்டு அழிந்த காட்டை மறுபடி நட முடியாது.

டவர் ஹில் அழிந்துதான் போனது. வந்தேறிகள் மரத்தை வெட்டினார்கள், மாட்டை விட்டார்கள், எரிமலைக் கல்லைத் தோண்டிச் சாலைக்கு எடுத்தார்கள். 1892இல் சட்டம் போட்டு விக்டோரியா மாநிலத்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் மேய்ச்சலும் கல் தோண்டலும் நடந்தன. காட்டைப் பூங்கா என்று பெயர்மாற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதும் மனித சுபாவம்தான். அடுத்த தலைமுறைகள் மொட்டைச் சரிவைத்தான் கண்டன. அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. வீட்டின் அசல் வரைபடத்திலேயே இருந்ததுபோல, என் சிமெண்டுத் தளத்தின்மேல் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

1961இல் அந்த இடம் வனவிலங்குத் துறையின் பொறுப்புக்கு வந்தது. மறுபடி காடாக்கலாம் என்று கிளம்பியவர்கள் முன்னால் ஒரு கேள்வி: எந்தக் காடு? எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது? பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. அப்போதுதான் டாசன் குடும்பத்தில் இருந்த அந்தப் படம் உதவிக்கு வந்தது. 1966இல் அது அரசுக்கு அன்பளிப்பாகவே தரப்பட்டது. தாவரவியலாளர்கள் அதைக் கூர்ந்து பார்த்து, செடி செடியாக அடையாளம் கண்டு, சேற்றில் புதைந்திருந்த மகரந்தத்தோடும் ஒப்பிட்டு, பட்டியல் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் வந்து வந்து நட்டார்கள். இதுவரை நட்டது மூன்று லட்சம் கன்றுகளுக்கும் மேல் என்கிறார்கள். கவித்துவம் குறைவு என்று சொல்லப்பட்ட நுணுக்கம்தான் அங்கே காடாகி நிற்கிறது. படம் இப்போது வார்னம்பூல் கலைக்கூடத்தின் பொறுப்பில் இருக்கிறது.

டவர் ஹில்லில் நட்ட மரங்களில் ஒன்று நம் சவுக்குக்கு நெருங்கிய உறவு. தொங்குசவுக்கு என்று சொல்லலாம். இழை இழையாகத் தொங்கும். கலைக்கூடத்தில் அதன் புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. எங்கள் கொல்லையில் நின்றதும் அதுதானா? இருக்கலாம். உறுதியாகச் சொல்ல இப்போது மரம் இல்லை.

ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். ஆஸ்திரேலிய மரங்களை நாம் முன்பின் பார்க்காதவர்கள் அல்ல. 1840களிலேயே தைல மரம் நீலகிரிக்கு வந்துவிட்டது. வாட்டில் மரமும் வந்து சேர்ந்துகொண்டு, சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கின கதை நமக்குத் தெரியும். ஊட்டித் தைலத்தின் வாசனையோடுதான் நம் சளியெல்லாம் குணமானது. அந்த மரத்தின் சொந்த ஊருக்கே வந்துசேர்ந்த பிறகு, அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதும், கோவாலா எல்லாவற்றையும் தின்னாது, சிலவற்றைத்தான் தின்னும் என்பதும் என் மகளின் பள்ளிப் பாடத்தில் படித்து நான் தெரிந்துகொண்டவை. ஆனால் கறிவேப்பிலைக் கன்றைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கிவைத்து, கண்ணாடி ஜன்னலோரம் வெயில் காட்டி, பனி பட்டால் போர்வை சுற்றிக் காப்பாற்ற நம் எல்லோருக்கும் தெரியும். தொட்டிச் செடிக்கு அத்தனை கவனிப்பு கொடுக்கிற கைதான் வேலியோர மரத்துக்குக் கையெழுத்துப் போட்டது. கவனிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். எதைக் கவனிப்பது என்பதில் வசதியைப் பார்த்துக்கொண்டோம்.

"இது நம்ம ஊர் இல்லையே" என்ற வாக்கியம் அதற்கு மிகவும் உதவியது. ஊர்ப்பிரச்சினை எது வந்தாலும் இதைச் சொல்லி ஒதுங்கலாம். வீட்டு விலை ஏறினால் மட்டும் இது நம் ஊர்.

டாசனைப் பற்றி இன்னொன்று. அவரும் நிலம் பிடித்த கூட்டத்தில் ஒருவர்தான், புனிதர் அல்ல. ஆனால் மகள் இசபெல்லாவோடு சேர்ந்து அந்தப் பகுதிப் பழங்குடிகளின் சொற்களையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு எழுதி, 1881இல் புத்தகமாக்கினார். பிறகு ஸ்காட்லாந்துக்குப் போயிருந்த சமயத்தில், அவருடைய நண்பர் வொம்பீட்ச் புயூன் 1883இல் இறந்துபோனார். திரும்பிவந்த டாசனுக்குத் தெரிந்தது, நண்பரைக் காம்பர்டவுன் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சேற்று நிலத்தில் புதைத்திருக்கிறார்கள் என்று. நினைவுத்தூண் எழுப்பச் சுற்றுவட்டாரப் பெரிய மனிதர்களிடம் பணம் கேட்டார். பெரும்பாலும் கைவிரித்தார்கள். தன் செலவில் கல்லை நிறுத்தி, நண்பரின் உடலைத் தோண்டியெடுத்துவந்து அதனடியில் அடக்கம் செய்தார். கல்லில் இரண்டு ஆண்டுகள் பொறித்திருக்கின்றன: 1840, 1883. வெள்ளையர் அந்த மாவட்டத்துக்கு வந்ததும், அந்த மக்களின் கடைசி ஆள் என்று டாசன் கருதியவர் போனதும். நாற்பத்து மூன்று வருடம்.

டவர் ஹில்லுக்கு உள்நாட்டுச் சாலையில் போனால் காம்பர்டவுன் வழியில்தான் வரும். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நல்ல காப்பி கிடைக்கும், கழிப்பறையும் சுத்தம். இந்த இரண்டு தகவலும் எங்கள் வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம். தூணைப் பற்றி யாரும் எழுதியதில்லை. நானும்தான்.

வான் கெரார்ட்டிடமும் குறை உண்டு. நிலத்தைப் பிடித்த பண்ணைக்காரர்கள் காசு கொடுத்தார்கள். அவர்களுடைய வீட்டையும் வேலியையும் மந்தையையும் அழகாக வரைந்து கொடுத்தார். பழங்குடிகளைப் பல படங்களில் மாலைவெளிச்சத்தில், விடைபெற்றுப் போகிறவர்களைப்போல நிறுத்தினார். பிழைப்புக்கு வந்தவன் யாரைப் பகைத்துக்கொள்வான் என்று அவருக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வருகிறது. அந்தப் பரிவு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. அலுவலகத்தில் இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவனின் பரிவு அது. ஆனாலும் 1862இல், ஐம்பது வயதைத் தாண்டியபின், இயற்பியலாளர் நோய்மையரோடு கோசியஸ்கோ மலைமேல் ஏறியிருக்கிறார். புயல் வந்து, கூட வந்தவர்களில் ஒருவர் வழிதவறிச் சில வாரம் கழித்துத்தான் கிடைத்தார். இவர் அங்கே பாறைகளைப் பார்த்து வரைந்துகொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் டாண்டனாங் மலைக்குப் போனால், ஆயிரம் படிகளை எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். அதே மலைத்தொடரின் மரப்பெரணிப் பள்ளத்தாக்கை 1857இல் அவர் தீட்டினார். நிழலுக்குள் இரண்டு யாழ்ப்பறவைகள் நிற்கும். அந்தப் படத்துக்குப் பிறகு இடம் பிரபலமாகி, கூட்டம் கூடியது. பார்க்கச்சொல்லிக் காட்டியதே மிதிபட வழியானது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நாங்கள், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

1881 கடைசியில் வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ஆனால் டுசல்டார்ஃபில் உட்கார்ந்துகொண்டு, 1884இல், எழுபதைத் தாண்டிய வயதில் அவர் வரைந்த படம் எது தெரியுமா? பழைய பாலரட். முப்பது வருடத்துக்கு முந்தைய கோடையில், கூடாரமும் குழியுமாகத் தாம் தோண்டி ஒன்றும் கிடைக்காத அந்த இடம். அது இன்று பாலரட் கலைக்கூடத்தில் இருக்கிறது. எனக்கு இது நன்றாகப் புரிகிறது. நான் மெல்பர்னில் உட்கார்ந்து காவிரியைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. ஆனால் நாளைக்கே கும்பகோணம் திரும்பினால், இங்கிருந்த எதை நினைவிலிருந்து வரைவேன்? சாலையின் பெயர்கள், கடையின் பெயர்கள், வட்டி விகிதம்.

1893இல் ஆஸ்திரேலிய வங்கிகள் சரிந்தபோது அவருடைய சேமிப்பும் போனது. லண்டன் செல்சியில், நெருக்கடியில், 1901 ஏப்ரலில் இறந்தார். பெயர் மங்கி, அறுபது எழுபது வருடத்துக்குப் பிறகே மறுபடி பேசப்பட்டது. அவரை மறந்ததில் நமக்குப் பங்கில்லை, நாம் அப்போது வரவில்லை என்று சொல்லலாம். மெல்பர்ன் நகர மையத்தில் ஃபெடரேஷன் சதுக்கத்துக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் உண்டு. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அதே சதுக்கத்துத் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போய், சமோசா வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறோம். அந்தக் கதவுக்குள் நான் முதன்முதலாகப் போனது, மழைக்கு ஒதுங்க.

போன மே மாதம் டவர் ஹில்லுக்குப் போனோம். இந்த முறை அதற்காகவே. அம்மாவும் வந்திருந்தாள், முட்டிவலி, மெதுவாகத்தான் நடக்கிறாள். விளிம்பிலிருந்து ஏரியைப் பார்த்தோம். ஈமு ஒன்று எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. உள்ளே தகவல் மையத்தில் இருந்த பழங்குடிப் பெண்மணி ஒருவர் ஒரு புல்லைப் பிடுங்கி, அதை எப்படிக் கூடையாகப் பின்னுவார்கள் என்று அம்மாவுக்குக் காட்டினார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. அம்மா அதை வாங்கி, கோரையைப் பார்ப்பதுபோல் நகத்தால் கீறிப் பார்த்து, தலையாட்டினாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், தேவைப்படவில்லை.

திரும்பிவந்த பிறகு, உள்ளூர்ச் செடிகள் மட்டும் விற்கும் நாற்றங்கால் ஒன்றில் மூன்று தொங்குசவுக்குக் கன்றுகள் வாங்கினேன். சுண்டுவிரல் உயரம், ஒவ்வொன்றுக்கும் பெயரட்டை இருந்தது. சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுக்க, அதைப் போட்ட செலவில் பாதி ஆனது. ஒரு கன்று முதல் வாரத்திலேயே போய்விட்டது. அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேனாம், பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவரோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியது அன்றைக்குத்தான். முன்பு அங்கே நின்றது என்ன மரம், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பழைய ஆல்பத்தில் இருக்கும், வேலி தெரிகிற மாதிரி ஒரு படம் உண்டு, தேடி எடுத்துவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வா என்றார்.